கரண்ட் போனா எது திரும்பி வராது?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இது கொஞ்சம் நீளமான பதிவு, அதனால டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

பொங்கலுக்கு ஊருக்கு (கம்பம்தான், வேற எங்க) போயிருந்தப்ப, தேவாரம் பக்கத்துல இருக்கிற மாமா வீட்டுக்கு ஒரு நாள் போனோம். அவர் வீட்டு மொட்டை மாடில நின்னா மேற்கே போடி மேற்கு மலை சுவர் எழுப்பின மாதிரி தெரியும். மாமா கையை நீட்டி, "அந்தா தெரியுதுல்ல, அதான் மாப்ள நியூட்ரினோ மலை" என்றார். நானும் படிச்ச பையன் என்கிற மிதப்பில் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"எல்லாஞ் சரி. மலைக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் தள்ளி மிஷின வச்சிட்டு, கரண்ட் போயிருச்சுன்னா என்ன பண்ணுவாய்ங்க?"

"ஜெனரேட்டர் வைப்பாங்க மாமா."

"எங்க வைப்பாய்ங்க? உள்ளயா, வெளியயா?"

நான் கப்சிப். உள்ளே வெச்சா புகை. வெளியே வெச்சா ரெண்டு கிலோமீட்டர் கேபிள். அந்தக் கேபிளுக்கு எதாவது ஆச்சுன்னா? அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச வாசிப்புதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் இயற்பியல்காரன் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். நியூட்ரினோ வேணுமா வேண்டாமா என்கிற சண்டைக்கும் இது தீர்ப்பு இல்லை.

தண்ணியும் கரண்டும் ஒண்ணுதான்

எங்க பள்ளத்தாக்குல கரண்ட் பத்திப் பேசணும்னா தண்ணியில இருந்துதான் ஆரம்பிக்கணும். 1895ல் பென்னிகுயிக் கட்டி முடிச்ச பெரியாறு அணைத் தண்ணி, மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா இந்தப் பக்கம் வருது. அறுபது வருஷத்துக்கும் மேல அது பாசனத் தண்ணி மட்டும்தான். 1950களின் கடைசியில் லோயர் கேம்ப்பில் மின் நிலையம் வந்தது. ஆரம்பத்தில் நாலு இயந்திரம், ஒவ்வொன்றும் 35 மெகாவாட், ஆக 140 மெகாவாட். அந்தக் கரண்டுக்காகக் கேரளத்தோடு 1970ல் தனியா ஒப்பந்தமே போட்டாங்க.

இதுல ஒரு விஷயம். லோயர் கேம்ப்பில் கரண்ட் எடுக்கணும்னா தண்ணி திறக்கணும். தண்ணி திறக்கிறது வயலைப் பார்த்து, குடிநீரைப் பார்த்து. அணையில் மட்டம் குறைஞ்சா மிஷின் ஒவ்வொன்றாக நிற்கும். அதாவது வாசல்லயே ஒரு மின் நிலையம் இருந்தாலும், அதை நம்பி "எனக்கு எப்பவும் கரண்ட் இருக்கும்"னு யாரும் சொல்ல முடியாது. 2012ல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தது எங்க வயசுப் பசங்களுக்கு மறக்காது. லோயர் கேம்ப்பும், ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளும் கண்ணுக்குத் தெரியுற தூரத்துல இருக்க, நான் மெழுகுவர்த்தியில் அல்ஜீப்ரா போட்டேன் :-)

எங்க தாத்தா இதையெல்லாம் முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருந்தார். திராட்சைத் தோட்டத்துக் கிணத்துல கரண்ட் மோட்டார் போட்ட பிறகும் பழைய ஆயில் எஞ்சினை விக்கவே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை, தேவை இருந்தாலும் இல்லைன்னாலும், அதை ஸ்டார்ட் பண்ணிக் கால் மணி நேரம் தண்ணி இறைக்க விடுவார். "சும்மா கெடக்குற எஞ்சின் தேவைக்கு ஓடாதுடா" என்பார். பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடத்துல ஜெனரேட்டரை மாசாமாசம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்றதும் இதே விதிதான்னு பின்னாடி தெரிஞ்சது.

பொட்டிப்புரத்தில் வர இருந்தது என்ன?

சுருக்கமா. வானத்துல இருந்து சதா வந்துக்கிட்டு இருக்கிற காஸ்மிக் கதிர்கள் காற்றுல மோதும்போது உண்டாகிற துகள்களில் நியூட்ரினோவும் ஒண்ணு. அது எதையும் தொடாமல் பூமியையே துளைச்சுக்கிட்டுப் போகும். எப்பவாவது ஒண்ணு மாட்டும். மத்த துகள்கள் போடுற கூச்சலில் அந்த ஒண்ணைக் கேட்கணும்னா தலைக்கு மேல மலை வேணும். மலை ஒரு வடிகட்டி, அவ்வளவுதான்.

முதலில் பார்த்த இடம் நீலகிரியில் மசினகுடி பக்கம் சிங்காரா. அங்கே ஏற்கனவே மலைக்குள்ள பைக்காரா நீர்மின் நிலையம் இருந்தது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டின இடம் என்பதால் 2009ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வேண்டாம் என்றது. சுருளியாறு பக்கம் பார்க்கலாம்னு பேச்சு வந்து, கடைசியில் தேனி மாவட்டம் பொட்டிப்புரம். 2010ல் சுற்றுச்சூழல் அனுமதி, 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், சுமார் 1,500 கோடி ரூபாய்.

திட்டம் இதுதான்: சுமார் 2 கிலோமீட்டர் கிடைமட்டச் சுரங்கம், அதன் முடிவில் மேலே 1,000 மீட்டருக்கு மேல் பாறை இருக்கிற ஒரு குகை. குகைக்குள் 50,000 டன் இரும்பு. 150 அடுக்கு தகடுகளுக்கு நடுவில் கண்ணாடிப் பெட்டி மாதிரி சுமார் 29,000 துகள் உணரிகள். இரும்பைச் சுற்றிச் செம்புக் கம்பி, அதுல கரண்ட் விட்டா உலகத்திலேயே பெரிய மின்காந்தங்களில் ஒன்று ரெடி.

இப்ப மாமாவோட கேள்வி. இதுல எதுக்கெல்லாம் பேக்-அப் வேணும்?

பெரிய மிஷினுக்குத்தான்னு நான் நினைச்சேன். அது எவ்வளவு தப்புன்னு எனக்குக் காட்டினது கோலார்.

கோலார்: கரண்டுக்காக ஒரு அணை

கோலார் தங்கவயல் நமக்கு அந்நியமான இடம் இல்லை. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையா இறங்கின சுரங்கம் அது.

1902 ஜூன் மாசம் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறக்குறைய 148 கிலோமீட்டர் கம்பி இழுத்து அங்கே மின்சாரம் கொண்டு போனாங்க. அப்போ உலகத்தின் மிக நீளமான மின் தடங்களில் அதுவும் ஒண்ணு. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்ததே 1905ல்தான்னா பார்த்துக்குங்க. அரண்மனை நகரத்துக்கு முன்னாடி சுரங்கத்துக்குக் கரண்ட்! ஏன்னா அங்கே கரண்ட் வசதிக்கு இல்லை. கூண்டு லிஃப்டை இழுக்க, தண்ணி இறைக்க, காத்து தள்ள.

ஆனா கோடையில் காவிரி வத்தினா? கரண்டும் வத்தும். அப்போ சிவசமுத்திரத்துக்கு மேலே பெரிய தேக்கம் எதுவும் கிடையாது. 1911ல் கட்ட ஆரம்பிச்ச கண்ணம்பாடி அணைக்கு (கிருஷ்ணராஜ சாகர்) பாசனம் ஒரு காரணம்னா, கோலாருக்கு வருஷம் பூராவும் தடையில்லாமல் கரண்ட் கொடுக்கிறது இன்னொரு காரணம். யோசிச்சுப் பாருங்க, ஒரு சுரங்கத்துக்கு பேட்டரி மாதிரி ஒரு அணை! அந்த அணை எவ்வளவு தண்ணி தேக்கலாம்னு மைசூரும் சென்னை மாகாணமும் மோதி, பஞ்சாயத்து நடந்து, 1924 ஒப்பந்தம் வரைக்கும் போனது. காவிரிச் சண்டைக்கு வேற பழைய காரணங்களும் உண்டு. ஆனா ஒருத்தரோட பேக்-அப் இன்னொருத்தரோட பாசனத்துல கை வைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தச் சுரங்கத்துக்குள்ள டாடா ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் இறங்கினார்கள். ஸ்ரீகண்டன், எம்.ஜி.கே. மேனன், நரசிம்மம், கூடவே ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆட்கள். சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழம். 1965ல், காற்றில் உண்டாகும் நியூட்ரினோவின் தடத்தைப் பார்த்ததா அங்கிருந்து கட்டுரை வெளிவந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இதையே தேடிக்கொண்டிருந்த ரைன்ஸ் குழுவின் கட்டுரை வருவதற்குச் சில நாள் முன்னாடி!

வாரக்கணக்குல, மாசக்கணக்குல காத்திருந்தா ஒரு நிகழ்வு. ஒளிரும் குழாய்களை கேமரா படம் பிடிக்கணும். அந்த நொடியில் கரண்ட் இல்லைன்னா? போனது போனதுதான். மறுபடி வா என்று நியூட்ரினோவைக் கூப்பிட முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ஆராய்ச்சிக்கூடம் சுரங்கத்தோட விருந்தாளி. ஆழத்துல பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல் போகும். காத்தும் குளிர்ச்சியும் பம்பும் லிஃப்டும் சுரங்கக் கம்பெனி ஓட்டுறது. 1990களின் தொடக்கத்தோடு அங்கே ஆராய்ச்சி முடிஞ்சது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. பம்புகள் நின்ன பிறகு தண்ணி ஏற ஆரம்பிச்சது. நியூட்ரினோ பார்த்த அந்த ஆழம் இப்ப தண்ணிக்குள்ள.

கரண்ட் போனா இருட்டு வரும்னு நாம நினைக்கிறோம். பூமிக்கு அடியில கரண்ட் போனா வர்றது தண்ணி.

அமெரிக்காவிலும் அதே தண்ணி

இது நம்ம ஊர் சாபம் இல்லை. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் 4,850 அடி ஆழத்தில் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை எண்ணினார் ரே டேவிஸ். 2002ல் நோபல் பரிசு. அதே வருஷம் சுரங்கம் மூடல். 2003 ஜூனில் பம்புகளை நிறுத்தினாங்க. தண்ணி ஏறி ஏறி டேவிஸின் குகையும் மூழ்கிப் போனது. பிறகு மனசு மாறி, பல வருஷம் இறைச்சு, அதே குகையில் மறுபடி ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. நோபல் பரிசு கிடைச்ச இடமாச்சேன்னு தண்ணி யோசிக்கலை.

இன்னொரு கதை பொட்டிப்புரத்துக்கு இன்னும் நெருக்கம். அமெரிக்காவின் சூடான் சுரங்கம் (நாடு இல்லை, ஊர் பேரு). அங்கே 700 மீட்டர் ஆழத்தில் மினோஸ் என்கிற கருவி இருந்தது. 5,400 டன் காந்த இரும்பு. நம்ம திட்டத்துக்குப் பெரியப்பா மகன் மாதிரி. 2011 மார்ச் 17 அன்று மேலிருந்து கீழே போற கிணற்றுப் பாதையில் தீ. கரண்ட் கட். கரண்ட் போனதால பம்பும் நின்னது. மேலிருந்து தண்ணியும் நுரையும் கொட்டித்தான் தீயை அணைச்சாங்க. கீழே அப்ப யாரும் இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. கருவியும் தப்பிச்சது.

கவனிங்க: ஆள் போற வழி, கேபிள் போற வழி, காத்து போற வழி எல்லாம் ஒரே ஓட்டை. அந்த ஓட்டையில தீ பிடிச்சா, மேலே எத்தனை ஜெனரேட்டர் வெச்சிருந்தாலும் கீழே ஒரு பல்பு எரியாது. மாமா கேட்டது இதைத்தான்!

ஒரு கடிகாரத்தின் விலை

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை (பிடிச்சன்னு சொல்றதா, வலிச்சன்னு சொல்றதா தெரியலை) 1987ல் நடந்தது.

பிப்ரவரி 23. சுமார் 1,60,000 ஒளியாண்டு தூரத்தில் வெடிச்ச ஒரு நட்சத்திரத்தின் நியூட்ரினோ அலை பூமியைக் கடந்தது. பதிமூணு நொடிக்குள் எல்லாம் முடிஞ்சது. ஜப்பானின் கமியோகா சுரங்கத்துக் கருவியில் பதினோரு நியூட்ரினோ, அமெரிக்காவின் ஒஹாயோ உப்புச் சுரங்கத்துக் கருவியில் எட்டு, ரஷ்யாவின் பக்ஸானில் ஐந்து. மனுஷ வரலாற்றிலேயே அப்படி ஒரு வெடிப்பிலிருந்து நியூட்ரினோ கிடைச்சது அந்த ஒரு தடவைதான்.

ஒஹாயோ கருவியில் அன்னிக்குப் பார்த்து ஒரு உயர் மின்னழுத்த சப்ளை பழுது. ஒளியுணரிகளில் கால்வாசி வேலை செய்யலை. இருந்திருந்தா எத்தனை மாட்டியிருக்குமோ?

கமியோகா கதை இன்னும் கொடுமை. அவங்க கருவியோட கடிகாரம் துல்லியமாச் சரி பார்க்கப்படாத கடிகாரம். அலை வந்த பிறகு அதைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனா ரெண்டு நாள் கழிச்சு, பிப்ரவரி 25 அன்று, சுரங்கத்துல திடீர்னு கரண்ட் போனது. அந்த வழியும் அடைஞ்சு போச்சு. அதனால அந்தப் பதினோரு நியூட்ரினோ வந்த நேரத்தை "ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம்"னுதான் எழுத முடிஞ்சது. துல்லியமான நேரம் ஒஹாயோவிலிருந்து கிடைச்சது.

3,000 டன் தண்ணி நிரப்பின கருவி. அதுல அழிஞ்சது எது? ஒரு கடிகாரத்தின் தொடர்ச்சி. அதைக் காப்பாத்த எவ்வளவு கரண்ட் வேணும்? நம்ம வீட்டு இன்வெர்ட்டர் போதும்.

சரி, பட்டியல் போடுவோம்

இந்தக் கதையெல்லாம் படிச்ச பிறகு எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். பேக்-அப் போடும்போது "எது விலை அதிகம்", "எது பெருசு"ன்னு கேட்கக் கூடாது. "எது நின்னா திரும்பி வராது?"ன்னு கேட்கணும். அந்தக் கேள்வியை வெச்சு பொட்டிப்புரம் மாதிரி ஒரு கூடத்துக்குப் பட்டியல் போட்டா இப்படி வருது.

முதல்ல ஆள். 2 கிலோமீட்டர் நடக்க நல்லா இருக்கிறவனுக்கு அரை மணி நேரம். இருட்டுல, புகையில, யாரையாவது தூக்கிக்கிட்டுன்னா ஒரு மணி நேரம்னு வைங்க. அதனால சுரங்கம் நெடுக விளக்கு, தொலைபேசி, வாயுக் கசிவைச் சொல்ற அலாரம் எல்லாம் அவங்க அவங்க பேட்டரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடணும், வெளியே இருந்து வர்ற கேபிளை நம்பாமல். கிடைமட்டச் சுரங்கத்தின் பெரிய புண்ணியம் இதுதான், லிஃப்ட் இல்லாமலே நடந்து வெளியே வந்துடலாம். கோலாரில் அது முடியாது.

ரெண்டாவது தண்ணி, காத்து. சுரங்கம் வாசலை நோக்கிச் சரிஞ்சிருந்தா ஊறுற தண்ணி தானா வெளியே ஓடிடும், கரண்டே வேண்டாத பேக்-அப். உள்நோக்கிச் சரிஞ்சா பம்புக்கு ஜெனரேட்டர் கட்டாயம். காற்றாடிக்கும் அப்படியே. காத்து உடனே தீராது, ஆனா பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அதனால கரண்ட் திரும்பி வந்ததும் முதல்ல காற்றாடி, அப்புறம்தான் பேட்டரி சார்ஜ். வரிசை மாறக்கூடாது.

மூணாவது வாயு. அந்தக் கண்ணாடி உணரிகளுக்குள்ள ஒரு வாயுக் கலவை சதா ஓடணும். ஓட்டம் நின்னு ஈரம் புகுந்தா கண்ணாடியின் உள்பக்கம் கெட ஆரம்பிக்கும். ஜப்பானின் பெல் சோதனையில் பிளாஸ்டிக் குழாய் வழியா கசிஞ்ச ஈரமே உணரிகளைப் பாடாய்ப் படுத்தி, குழாயெல்லாம் செம்புக்கு மாத்த வேண்டியதாச்சு. அதே கலவையில் கொஞ்சம் ஐஸோபியூட்டேன் உண்டு, நம்ம சமையல் கேஸின் சொந்தக்காரன். அதனால கரண்ட் போனா அந்த சிலிண்டர் வால்வு தானா மூடிக்கிற மாதிரி இருக்கணும். திறக்கத்தான் கரண்ட் வேணும், மூட வேண்டாம்.

நாலாவது கடிகாரம், கணினி, பதிவான தகவல். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி லோடு எடுக்கப் பத்து முப்பது நொடி ஆகும். அந்த இடைவெளியை யூ.பி.எஸ். தாங்கணும். இங்க என் சொந்தக் கதை ஒண்ணு. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆபீஸ்ல சர்வர் ரூமுக்கு அருமையான யூ.பி.எஸ். போட்டிருந்தோம். ஏ.சி.யை மட்டும் அதுல சேர்க்கலை. ஒரு நாள் கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் மக்கர் பண்ணுச்சு. சர்வர் எல்லாம் ஜம்முன்னு ஓடுச்சு, ஓடி ஓடி அறை அடுப்பாகி, இருபது நிமிஷத்துல ஒவ்வொண்ணா சூட்டுல படுத்துருச்சு. அந்த லோடு பட்டியல் போட்டவன் அடியேன்தான். மிஷினுக்குக் கொடுத்தா அதைக் குளிர வைக்கிறதுக்கும் சேர்த்துக் கொடுக்கணும்னு அன்னிக்குக் கத்துக்கிட்டேன்.

கடைசியில காந்தம். கரண்டை அதிகமாக் குடிக்கிற பெரும் பூதம் இதுதான். 50,000 டன். இதுக்கு பேக்-அப் தேவையே இல்லை! கரண்ட் போனா கம்பிச்சுருளில் இருக்கிற மின்னோட்டம் மெல்ல அடங்குறதுக்கு ஒரு பாதுகாப்பான பாதை இருந்தா போதும். மறுநாள் ஏத்திக்கலாம். சில மணி நேர ஆராய்ச்சி போகும், வேற ஒண்ணும் போகாது.

பார்த்தீங்களா, பட்டியல் தலைகீழா வருது. பெருசு கடைசியில, பத்து வாட் பல்பு முதல்ல.

இப்ப மாமா கேள்விக்குப் பதில். ஜெனரேட்டர் வெளியேதான். புகையை உள்ளே விட முடியாது. ஆனா கேபிள் அறுந்தாலும் உயிருக்கும் கடிகாரத்துக்கும் தேவையானது உள்ளேயே பேட்டரியில் இருக்கணும். வெளியேன்னாலும் எங்கே என்பது முக்கியம். 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் ஜெனரேட்டர்கள் ஓடத்தான் செய்தன, சுனாமி வர்ற வரைக்கும். பெரும்பாலானவை அடித்தளத்தில் இருந்ததால மூழ்கிப் போயின. உயரத்தில் இருந்த காற்றில் குளிரும் ஜெனரேட்டர் ஒண்ணு மட்டும் தாக்குப் பிடிச்சு, ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காப்பாத்துச்சு. எங்க மலையடிவாரத்துக்கு சுனாமி வராது. ஆனா ஐப்பசி மழையில் காட்டாறு எந்த ஓடையில் வரும்னு பொட்டிப்புரத்து ஆடு மேய்க்கிறவரைக் கேட்டா சொல்லுவார். ஜெனரேட்டர் ஷெட் போடுறதுக்கு முன்னாடி அவரைக் கேட்கணும்.

பட்டியலில் விட்டுப் போன வரி

திட்டம் என்ன ஆச்சு? 2015ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தடை. 2017ல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வெச்சது, மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்குன்னு. 2018ல் மறுபடி அனுமதி, மறுபடி வழக்கு, உச்ச நீதிமன்றம் வரைக்கும். 2022ல் தமிழ்நாடு அரசே திட்டம் வேண்டாம்னு பிரமாணப் பத்திரம் கொடுத்தது. மலையில் இன்னும் சுரங்கம் தோண்டலை. மதுரையில் 85 டன்னுக்கு ஒரு சின்ன மாதிரி 2018லிருந்து ஓடுச்சு. இதுக்கிடையில் சீனாவின் ஜூனோ கருவி 2025 ஆகஸ்டில் வேலை செய்ய ஆரம்பிச்சது. நியூட்ரினோ எடைகளின் வரிசை என்னன்னு நம்மாளுங்க தேட இருந்த அதே விடையைத் தேடி. அவங்களையும் சுரங்கம் தோண்டும்போது பல வருஷம் தாமதிக்க வெச்சது எது தெரியுமா? நிலத்தடி நீர் :-)

எனக்கு ரெண்டு பக்கமும் மனசு இழுக்குது. 1965ல் கோலாரில் முந்தின நாடு, இன்னிக்கு வேடிக்கை பார்க்குதே என்கிற வருத்தம் நிஜம். அதே சமயம் ஊர்க்காரங்க கேட்டதும் அதே கேள்விதான்னு இப்ப தோணுது. ஊத்து போனா திரும்பி வருமா? மலை போனா திரும்பி வருமா? பொறியாளர் பாஷையில் சொன்னா அவங்களும் "எது திரும்பி வராது" பட்டியல்தான் போட்டாங்க. அவங்க பட்டியலும் நம்ம பட்டியலும் ஒரே தாளில் இருந்திருக்கணும்.

கோலாரும் ஹோம்ஸ்டேக்கும் சொல்ற இன்னொரு பாடம்: பேக்-அப் திட்டம்னா கரண்ட் போற பத்து நிமிஷத்துக்கு மட்டும் இல்லை. ஆராய்ச்சி முடிஞ்சு, காசு தீர்ந்து, எல்லாரும் கிளம்பின பிறகு பம்பை யார் ஓட்டுவா? அதுக்கு யார் பில் கட்டுவா? அந்த வரி இல்லாத திட்டம் முழுசான திட்டம் இல்லை.

போன வாரம் மாமாவுக்கு போன் போட்டு, "வெளியதான் மாமா வைப்பாங்க, ஆனா..."ன்னு ஆரம்பிச்சு இது பூராவும் ஒப்பிச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு மனுஷன் சொன்னது: "அது சரி மாப்ள. ஒங்க தாத்தா ஆயில் எஞ்சினு ஷெட்டுல துருப்பிடிச்சுக் கெடக்கே, அதக் கடைசியா யாரு ஓட்டுனது?"

தாத்தா போய் ஆறு வருஷமாச்சு. அதுக்கப்புறம் யாரும் ஓட்டலை. அடுத்த லீவுக்குப் போய் ஓட்டிப் பார்க்கணும்.

உங்க ஊர்ல, உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி பேக்-அப் கதை இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே. ஜெனரேட்டர் ஓடாத கதைன்னா கூடுதல் சந்தோஷம்.